கேரவனுக்குப் பின்னால் கார் கட்டும் ஏ-பார் செட்: ஏற்காடு ரோட்டில் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

கேரவன் (உள்ளேயே படுத்துத் தங்கும் வண்டி) ஏற்காடு மலை மேலே போய் ஓரிடத்தில் நின்றுவிடும். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று சுற்ற ஒரு சின்னக் கார் கூடவே இருந்தால் வசதிதான். வெளிநாட்டு வீடியோக்களில் பெரிய மோட்டார்ஹோமின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆளில்லாத குட்டிக் கார் ஒன்று போவதைப் பார்த்தவர்களுக்கு வரும் ஆசை இது. அந்த ஆசைக்காகவே சேலத்தில் வெல்டிங் பட்டறைகளில் ஆர்டர் கொடுத்து, காரை வண்டிக்குப் பின்னால் கோத்து இழுக்கும் ஏ-பார் செட் செய்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த செட்டைப் பற்றிய மதிப்பீடு இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பழுதாகி நின்ற காரைப் பக்கத்துப் பட்டறை வரை கொண்டுபோக இது நல்ல சாமான்; கயிற்றைவிட நூறு மடங்கு தேவலை. ஓடுகிற நிலையில் இருக்கும் காரைச் சுற்றுலாவுக்கு இழுத்துப் போக வாங்கினால் காசு தண்டம். சட்டமும் விடாது, மலைப்பாதையும் விடாது.

செட்டில் என்ன இருக்கிறது

ஆங்கில ‘ஏ’ வடிவில் இரண்டு கால் கொண்ட இரும்பு பார், அதன் நுனியில் 50 மி.மீ. பந்தைக் கவ்வும் கப்ளர், காரின் முன்பக்கச் சேஸிஸில் முடுக்கும் அடித்தட்டு, இரண்டு பாதுகாப்புச் சங்கிலி, காரின் பின்னால் காந்தத்தில் ஒட்டும் விளக்குப் பலகை. இழுக்கும் வண்டியில் மாட்ட வேண்டிய பந்தும் அதன் தாங்கியும் சில இடத்தில் சேர்த்து வரும், சில இடத்தில் தனி. விலை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். பந்து இல்லாத ஏ-பார் சாவி இல்லாத பூட்டு.

ஒரு பக்கம் சங்ககிரி லாரிகள், இன்னொரு பக்கம் நாமக்கல் பாடி பட்டறைகள் என்று இருக்கும் ஊர் இது. கொக்கி, பின் (கோக்கும் ஆணி), சங்கிலி பற்றிச் சேலத்து வெல்டருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குறையும் அந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது. லாரிக் கை என்பதால் பாரைக் கனமாக அடித்துத் தருகிறார்கள். அது போய் மாட்டும் காரின் தகடு எவ்வளவு மெலிசு என்பதை யோசிப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 40 × 40 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. கனம், கால் நீளம் 1.2 மீட்டர் என்று வைத்தால், அந்தக் கால் அமுங்கி மடங்குவதற்குப் பல டன் விசை வேண்டும். 900 கிலோ காரை இழுத்துக்கொண்டு போகும் வண்டி பலமாகப் பிரேக் அடித்தால் பாரில் வரும் தள்ளுவிசை அரை டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே 5 மி.மீ. குழாய் போட்டிருக்கிறோம், 6 மி.மீ. போட்டிருக்கிறோம் என்று பட்டறையில் பெருமை சொன்னால் மயங்க வேண்டாம். கனம் கூடினால் தூக்கி மாட்டுகிறவருக்கு இடுப்பு வலிதான் மிச்சம். பார் ஒருநாளும் குழாயில் உடையாது. பின் ஆணி நுழையும் துளைத் துண்டான காது பிய்யும், அல்லது அடித்தட்டு மாட்டிய இடத்தில் காரின் தகடு கிழியும்.

அதனால் செட்டைக் கையில் வாங்கும் முன் பார்க்க வேண்டியது காதுகளைத்தான். வெல்டிங் முழுச் சுற்றாக ஓடியிருக்க வேண்டும். நாலு இடத்தில் புள்ளி வைத்து நடுவில் புட்டி பூசியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு இது கண்ணுக்குத் தெரியாது. ‘பெயிண்டுக்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடுங்கண்ணா, வந்து பார்த்துக்கறோம்’ என்று சொல்லி வைத்தால் எந்த நல்ல வெல்டரும் கோபிக்க மாட்டார். பின் 16 மி.மீ. விட்டத்துக்குக் குறையக் கூடாது, துளைக்கும் பின்னுக்கும் நடுவே ஆட்டம் ஒரு மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ‘டக்’ என்று ஓர் அடி விழும். அந்த அடிதான் துளையை முட்டை வடிவமாக்குகிறது. பின்னைப் பூட்ட ஆங்கில ‘ஆர்’ வடிவக் கம்பியான ஆர் கிளிப் கேளுங்கள். ஆணியை வளைத்துச் செருகுவது, கட்டுக்கம்பி சுற்றுவது எல்லாம் மாட்டு வண்டிக்குச் சரி.

அடித்தட்டுக்கு எம்12 (12 மி.மீ.) போல்ட், தலையில் 8.8 என்ற வலிமைக் குறி பொறித்திருக்க வேண்டும், தானாகத் தளராத நைலாக் நட்டு, சுமார் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு. போல்ட்டை நேராகத் தகட்டில் முடுக்காமல், உள்பக்கம் 5 மி.மீ. பட்டை ஒன்றை வைத்துப் பின்பலம் கொடுத்தால் விசை பரவும். இந்தப் பட்டையைப் பல பட்டறைகள் தாமாகத் தருவதில்லை. கேட்டு வாங்குங்கள், செட்டிலேயே மலிவான பாகமும் முக்கியமான பாகமும் இதுதான். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மிலோ ரேடியேட்டர் சட்டத்திலோ மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இழுக்கும் வண்டிப் பக்கம் பந்தும் தாங்கியும் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு ‘டி மதிப்பு’ என்று ஒரு கணக்கு உண்டு: இரு வண்டிகளின் எடையைப் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்குவது. 3.5 டன் கேரவன், 0.9 டன் கார் என்றால் 7 கிலோநியூட்டன் வரும். பந்தின் தாங்கியில் பொறித்த எண் இதற்கு மேல் இருக்க வேண்டும். எண்ணே இல்லாத தாங்கி என்றால் அதை நம்பி மலை ஏற வேண்டாம். கேரவனின் பின் பம்பருக்குக் கீழே கம்பெனி கொடுத்திருக்கும் ஒற்றைக் கொக்கி, சேற்றில் சிக்கிய வண்டியை நேராக வெளியே இழுப்பதற்கு. ஏ-பார் மாட்ட அது ஆகாது.

மலைப்பாதை என்ன சொல்கிறது

கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை எந்தத் தொல்லையும் இல்லை. சமதளத்தில் ஏ-பார் அழகாக வேலை செய்கிறது. கார் தன் முன்சக்கரத்தைத் தானே திருப்பிக்கொண்டு பின்தொடரும். கயிற்றில் வருவது போலத் தொய்வும் இழுப்பும் மாறி மாறி வராது. இவ்வளவு தூரத்துக்குப் பட்டறைக்காரருக்கு முழு மதிப்பெண் போடலாம்.

அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம். ஏறும்போது பாரில் வரும் இழுவிசை பயப்படும்படி இல்லை. பத்துக்கு ஒன்று சரிவில் 900 கிலோ கார் பின்னுக்கு இழுப்பது 90 கிலோ, சக்கர உராய்வு ஒரு 15 கிலோ, மொத்தம் நூற்றுச் சொச்சம். கேரவனின் கிளட்ச்தான் பாவம். வளைவில் நின்று மறுபடி கிளம்பும் ஒவ்வொரு தடவையும் முக்கால் டன், ஒரு டன் கூடுதலாக இழுக்க வேண்டும்.

உண்மையான வில்லங்கம் இரண்டு. ஒன்று, ஏ-பார் மாட்டிய நிலையில் ரிவர்ஸ் எடுக்க முடியாது. முன்னே போகும்போது தானாக நேராகும் காரின் முன்சக்கரம், பின்னே தள்ளினால் ஒரு பக்கமாக முழுக்கத் திரும்பி மடங்கிவிடும். அதற்கு மேலும் தள்ளினால் பார் பம்பரில் இடித்து அடித்தட்டைக் கோணலாக்கும். இந்த ரோட்டில் வளைவின் வாயில் பஸ்ஸும் காரும் எதிரெதிரே வந்து நிற்பது அன்றாடக் காட்சி. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யார் விதி பார்க்கிறார்கள்? நீங்கள்தான் இரண்டடி பின்னால் எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டால், இறங்கி, பின்னைக் கழற்றி, காரைத் தனியாக எடுத்து, கேரவனை நகர்த்தி, திரும்ப மாட்ட வேண்டும். அதுவும் சரிவில். பார் இறுக்கத்தில் இருக்கும்போது பின் கையால் வராது. சுத்தியலால் தட்டி அது வந்த நொடியில் கார் உருளத் தொடங்கும். சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கக் கட்டை இல்லாமல் பின்னில் கை வைக்கவே கூடாது. செட்டோடு கட்டை வருவதில்லை. வர வேண்டும்.

இரண்டாவது, நீளம். 7 மீட்டர் கேரவன், ஒன்றரை மீட்டர் பார், மூன்றரை மீட்டர் கார், ஆக 12 மீட்டர். இழுக்கப்படும் வண்டி வளைவில் எப்போதும் உள்பக்கமாக வெட்டும். கேரவன் டிரைவர் தன் பின்சக்கரம் தப்பித்தது என்று ஸ்டியரிங்கைத் திருப்பும் நேரத்தில் காரின் உள்பக்கப் பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறியிருக்கும். கண்ணாடியில் கார் தெரியாது, அது கேரவனைவிட ஒடுக்கம். பின்னால் கேமரா இல்லாமல் இதைச் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

இறங்கும்போது கதை இன்னும் மோசம். நியூட்ரலில் வரும் காருக்கு எஞ்சின் பிரேக் கிடையாது. அதன் எடை முழுவதையும் கேரவனின் எஞ்சினும் பிரேக்கும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். 900 கிலோ 1,200 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் பத்து மெகாஜூலுக்கு மேல். முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. இரண்டு குடம் வெந்நீர் போடும் சூட்டைக் கூடுதலாகக் கேரவனின் பிரேக் லைனிங் தலையில் கட்டுகிறீர்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரிகளுக்கு நேர்வது என்ன என்று இந்தப் பக்கத்தில் ஓட்டுகிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது கியரில் இறங்கினாலும் வளைவுக்கு வளைவு பிரேக் வேண்டும். கருகல் வாசனை வந்த பிறகு மிதியை அழுத்தினால் கால் கீழே போகும், வண்டி நிற்காது.

வெளிநாடுகளில் இதற்கு மாற்று வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஏ-ஃபிரேமில் (ஏ-பாருக்கு அங்கே பெயர்) இழுக்கப்படும் கார் ட்ரெய்லராகக் கருதப்படும். 750 கிலோவுக்கு மேல் என்றால் அதற்கே பிரேக் வேலை செய்ய வேண்டும். அமெரிக்காவில் காரின் பிரேக் மிதியைத் தானாக அழுத்தும் பெட்டி ஒன்றை டிரைவர் சீட்டுக்கு முன்னால் வைக்கிறார்கள். கார் பிய்த்துக்கொண்டால் தானே பிரேக் பிடிக்கும் கம்பியும் உண்டு. இங்கே செய்து தரும் செட்டில் இவை இரண்டும் இல்லை. வீடியோவில் கண்ணுக்குத் தெரிவது பார் மட்டும்; நகல் எடுத்ததும் அதை மட்டும்தான்.

சட்டம்

1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலும், அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் இழுப்பதைப் பற்றிச் சொல்லியிருப்பதன் சாரம் இது. பழுதாகி நின்ற வண்டி, முழுதாகக் கட்டி முடிக்காத வண்டி, பதிவு செய்த ட்ரெய்லர், சைடு கார் ஆகியவற்றைத்தான் இன்னொரு வண்டி இழுக்கலாம். நன்றாக ஓடுகிற காரைச் சவுகரியத்துக்காகக் கட்டி இழுக்க இதில் இடமே இல்லை. பழுதான வண்டியையும் பக்கத்துப் பட்டறை அல்லது பெட்ரோல் பங்க் வரைதான்.

அடுத்து, இழுக்கப்படும் வண்டியின் டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் முன்சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கி இருக்க வேண்டும். ஏ-பாரின் ஒரே தனிச்சிறப்பு காருக்குள் ஆள் வேண்டாம் என்பதுதான். அந்தச் சிறப்பை இந்த ஒரு வரி அடித்துவிடுகிறது. லைசென்ஸ் உள்ள ஒருவர் காருக்குள் உட்கார்ந்தே வர வேண்டும் என்றால், அவர் காரை ஓட்டிக்கொண்டே வந்துவிடலாமே!

இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணில் பளிச்சென்று பட வேண்டும். இழுக்கப்படும் வண்டியின் பின்னால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில், 75 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல், ‘ஆன் டோ’ (இழுக்கப்படுகிறது) என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும். வேகத்துக்குப் பழைய விதியிலேயே உச்சவரம்பு 24 கி.மீ.தான், மலையில் 15-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. இந்த விளக்குப் பலகையில் ‘ஆன் டோ’ எழுத்துக்கு இடமே விடவில்லை என்பது இந்த செட்டுக்குப் பெரிய கழித்தல். ஒரு ஃபிளெக்ஸ் துண்டில் அச்சடித்துச் சேர்த்துத் தந்திருந்தால் பட்டறைக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

காரின் முன்னால் அடித்தட்டை நிரந்தரமாக நீட்டிக்கொண்டு ஓட்டுவதும் வம்பு. பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவதற்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது, வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 52-ஆம் பிரிவைக் காட்டித்தான். மோதும்போது முன்பகுதி மடங்கும் விதம் மாறினால் ஏர்பேக் விரியும் நேரமும் தவறலாம். கழற்றக்கூடிய காது உள்ள தட்டாகவே வாங்குங்கள்.

மாட்டும் முறை

நின்றுபோன மேனுவல் கியர் காரை, ஆள் உட்கார வைத்து, சமதளத்தில் பட்டறைக்குக் கொண்டுபோக இந்த செட்டைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். முதல் வேலை பின்சக்கரங்களுக்குக் கட்டை. பிறகு உயரம் பார்க்க வேண்டும்: பந்துக்கும் அடித்தட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் 75 மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும். கேரவன் பக்கம் உயரமாக இருந்தால், பிரேக் அடிக்கும்போது பார் சாய்வாகத் தள்ளி கேரவனின் பின்பக்கத்தைத் தூக்கும், காரின் மூக்கை அமுக்கும். தாங்கியைக் கீழிறக்கும் துண்டு ஒன்று இதற்காகவே உண்டு.

கப்ளரைப் பந்தில் இறக்கிப் பூட்டிய பிறகு, ஜாக்கியை பாருக்குக் கீழே கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். கேரவனின் பின்பக்கம் கொஞ்சம் எழும்பினால்தான் பூட்டு பிடித்தது என்று அர்த்தம். கப்ளர் மட்டும் கழன்று மேலே வந்தால் பிடிக்கவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

சங்கிலிகளைப் பாருக்குக் கீழே பெருக்கல் குறி மாதிரிக் குறுக்காகப் போட வேண்டும். பார் கழன்றாலும் அந்தக் குறுக்கில் விழுந்து தொட்டில் போலத் தாங்கும். நேராகப் போட்டால் பாரின் நுனி ரோட்டில் குத்தி நிற்கும், கார் அதன் மேல் ஏறும். முழு வளைவிலும் இழுபடாத நீளம் வேண்டும். அதே சமயம் தரையிலிருந்து நாலு விரல் உயரத்திலாவது தொங்க வேண்டும். சங்கிலி முனைக்கு எஸ் கொக்கி கொடுப்பார்கள், வேண்டாம். 16 மி.மீ. டி ஷேக்கிள் (திருகாணி போட்டு மூடும் ‘டி’ வடிவ இரும்பு வளையம்) வாங்கிப் போடுங்கள், தரமானதில் 3.25 டன் என்று பொறித்திருக்கும்.

காருக்குள் சாவி இருக்க வேண்டும், ஸ்டியரிங் பூட்டு விடுபடும் நிலைக்குத் திருப்பியும் இருக்க வேண்டும். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் முதல் திருப்பத்தில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், கார் நேராக ஓரச் சுவருக்குப் போகும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இறக்கம். கொஞ்சமாகத் தூக்கி விட்ட ஹேண்ட் பிரேக்கை யாரும் கவனிக்க மாட்டார்கள்; நாலு கிலோமீட்டரில் பின் டிரம் புகையும். உள்ளே இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது: எஞ்சின் ஓடாததால் பிரேக் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல் மாதிரி ஆகும், பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. ஏ-பாரில் அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ஓட்டக் கூடாது, விரல் வைத்தால் போதும். கார் தானே திரும்பும்.

விளக்குப் பலகையின் ஏழு முனை பிளக்கில் மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், வெள்ளை எர்த், பழுப்பும் கறுப்பும் பின்விளக்கு. எர்த் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் பிரேக் அடிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரியும்; பல்பை மாற்றிக்கொண்டிருக்காமல் வெள்ளைக் கம்பியைப் பாருங்கள். நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் காரின் ஹசார்டை மட்டும் நம்பினால் பல வண்டிகளில் திரும்பும் சைகை காட்ட முடியாது. பலகையின் காந்தம் அலுமினியத்திலும் பிளாஸ்டிக் டிக்கிக் கதவிலும் ஒட்டாது என்பதைச் செட் விற்பவர்கள் சொல்வதில்லை. ஒரு பெல்ட் வைத்துக் கட்டுங்கள்.

ஒரு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, கோக்கும் பின், கிளிப், சங்கிலி, நாலு சக்கரத்தின் சூடு, எல்லாம் ஒரு சுற்று.

எந்தக் காருக்கு ஆகாது

மேனுவலுக்கு மட்டும்தான் மேலே சொன்னது. சி.வி.டி., டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் ஏற்றும் பம்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் நின்றபடி சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே எண்ணெய் இல்லாமல் தேயும். கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் ஏ.எம்.டி.யின் உள்ளே இருப்பது மேனுவல் பெட்டிதான். ஆனால் கியரில் மாட்டிக்கொண்டு நின்றால் பேட்டரி இல்லாமல் நியூட்ரலுக்கு வராது. மின்சாரக் காரில் சக்கரம் உருண்டால் மோட்டார் சேர்ந்து சுற்றி மின்சாரம் உற்பத்தியாகும், சர்க்யூட் போகலாம். நான்கு சக்கர ஓட்டமும் ஆகாது. இவற்றுக்கெல்லாம் காரை முழுதாகத் தன் மேல் ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் லாரி ஒன்றே வழி.

இதற்குப் பதில் என்ன

கயிறு: ஏற்றத்தில் நூறு இருநூறு மீட்டர் நகர்த்த உதவும். இறக்கத்தில் வேண்டவே வேண்டாம், பூஸ்டர் (மிதியை லேசாக்கும் பாகம்) வேலை செய்யாத பிரேக்கோடு காரே கேரவனின் முதுகில் மோதும். கயிறு கட்ட, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கும் திருகு வளையத்தைப் பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து முடுக்குவார்கள். சில வண்டிகளில் அது இடது மரை, எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். கையால் சுற்றி விட்டுவிடாமல் வீல் ஸ்பேனர் கொடுத்துக் கடைசி வரை இறுக்குங்கள்.

முன்சக்கரம் தூக்கி: முன்சக்கர ஓட்டக் கார்களுக்குப் பொருத்தம், காருக்குள் ஆள் தேவையில்லை. பம்பரில் கொக்கி போட்டுத் தூக்கும் பழைய கிரேனும் டயரைக் கவ்வித் தூக்கும் புதியதும் ஒன்றல்ல. பழையது வந்தால் பம்பர் போகும்.

பிளாட்பெட்: மலைப்பாதையில் நின்ற வண்டிக்கு இதுதான். போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். வின்ச் (கம்பியால் காரை இழுத்து ஏற்றும் பொறி) இருக்கிறதா? டயரில் பெல்ட் கட்டுவீர்களா, ஆர்மில் சங்கிலியா? சொல்லும் வாடகையில் மலை ஏறுவதும் காத்திருப்பும் சேர்த்தியா? சங்கிலி என்று பதில் வந்தால் வேறு வண்டி பாருங்கள். தாழ்வான பம்பர் உள்ள காரானால் சாய்தளத்துக்கு வைக்க இரண்டு பலகை கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஏற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ.

பெங்களூரு ரோடான 44, கோவை ரோடான 544, உளுந்தூர்பேட்டை ரோடான 79 ஆகிய தேசிய நெடுஞ்சாலைகளில் நின்றால் அவற்றின் உதவி எண் 1033-க்குக் கூப்பிடலாம். ஏற்காடு ரோடு தேசிய நெடுஞ்சாலை அல்ல, அந்த எண்ணை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் மேலே போக அடிவாரம் வழி, இறங்கக் குப்பனூர் வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள்; மீட்பு வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வர முடியும் என்பதைச் செக்போஸ்டில் கேட்டுச் சொன்னால் நேரம் மிச்சம். மழைக்காலத்தில் பாதையே மூடப்படலாம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் புயல் மழையில் மண் சரிந்தபோது நடந்தது போல.

ஏறும்போது நின்ற வண்டிக்குப் பல நேரம் இழுவையே தேவைப்படாது. எஞ்சின் சூடேறியோ கிளட்ச் வாசனை வந்தோ நின்றிருந்தால் பானெட்டைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

காப்பீட்டில், விபத்தில் சேதமான தனியார் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் செலவுக்கு நிலையான பாலிசி தருவது 1,500 ரூபாய் வரைதான். வெறும் பழுதுக்கு அதுவும் இல்லை, சாலை உதவிச் சேர்க்கை தனியாக எடுத்திருக்க வேண்டும். வணிக வண்டிப் பாலிசியில் பழுதான ஒரு வண்டியை இழுக்கும்போதும் காப்பு உண்டு. ஆனால் கூலிக்கு இழுத்தால் இல்லை, இழுக்கப்படும் வண்டிக்கு வரும் சேதத்துக்கும் இல்லை. வாடகைக் கேரவன் என்றால் இந்த வரியை உரிமையாளரிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் பந்தை மாட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் செட் வாங்குகிறவர்கள் உயரம் இறக்கும் துண்டு, உள்பட்டை, இரண்டு ஷேக்கிள், நாலு கட்டை, ‘ஆன் டோ’ பலகை ஐந்தையும் ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். பயன்படுத்தாத நாளில் கப்ளரின் உள்ளே கிரீஸ் தடவி, பந்துக்கு ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் கீறி மூடி வையுங்கள். துரு ஏறிய பந்தில் கப்ளர் பாதியில் நின்று பூட்டியது போல ஏமாற்றும்.